ஒழுகாத கூரை: வான்கோவின் ஒரு படத்தைப் பற்றிச் சில எண்ணங்கள்

நம் சங்க மலரில் பெரும்பாலும் இலக்கியம், கோயில், கல்வெட்டு, இசை என்றுதான் கட்டுரைகள் வரும். நானும் முன்பு சமணப் பள்ளிகள் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று மலர்க்குழுவிடம் சொன்னேன். "எந்தப் படம், சிவாஜி படமா?" என்று கேட்டார்கள். "இல்லை, கையால் வரைந்த படம்" என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

நான் ஓவியம் பயின்றவன் அல்லன். மும்பையில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்கிறவன். கடை சாத்திய பிறகு கிடைத்த நேரத்தில் படித்ததும், பார்த்ததும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டதும்தான் என் படிப்பு. பிழை இருந்தால் பெரியோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒரு படத்தை முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதி ஒன்று எனக்கு உண்டு.

கல்லாவுக்கு மேலே

1990-ஆம் ஆண்டு, வின்சென்ட் வான்கோ இறந்து நூறு வருஷம் ஆனதை ஒட்டி, அவர் படங்களைப் போட்டு ஒரு காலண்டர் என் கைக்கு வந்தது. அதில் ஒரு தாளில் கூரை வீடுகள் இருந்தன. பார்த்ததும், "அட, நம்ம ஊர் வீடு மாதிரி இருக்கே" என்று தோன்றியது. வருஷம் முடிந்ததும் அந்தத் தாளை மட்டும் வெட்டி, பிரேம் போட்டு, கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தை விட்டு வந்து எனக்கு அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. வெளியூரில் இருக்கிற நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு படம் இருக்கும். ஒரு குளம், ஒரு மாட்டுவண்டி, இல்லாவிட்டால் ஒரு கூரை வீடு. அதைப் பார்க்கும்போது நாம் படத்தைப் பார்க்கிறோமா, ஊரை நினைத்துக்கொள்கிறோமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஓவேரில் கோர்த்வில் கூரை வீடுகள்' என்று வரும். எண்ணெய் வண்ணம். 1890-இல் வரைந்தது. அகலம் 92 செ.மீ., உயரம் 73 செ.மீ. பிரான்சில் சாமான் கடைகளில் 30-ஆம் நம்பர் என்று கேட்டால் கிடைத்த வழக்கமான கித்தான் அளவு அது. டாக்டர் காஷே என்பவரின் மகன் 1954-இல் பிரெஞ்சு அரசின் அருங்காட்சியகங்களுக்கு இதைக் கொடையாகக் கொடுத்தார். இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தில் என்ன இருக்கிறது? முன்னால் பசுமையான தோட்டவெளி. நடுவில் ஒன்றை ஒன்று ஒட்டிய கூரை வீடுகள். வெளிறிய சுவர், அதன்மேல் கனமான கூரை, புகைபோக்கி. பின்னால் சுருண்டு எழுகிற மரங்கள், அதற்குப் பின்னால் குன்று, மேலே நீலமும் வெள்ளையுமாகச் சுழலும் வானம். மனிதர் ஒருவரும் இல்லை. ஆடு மாடு இல்லை. வாசலில் ஒரு கோழிகூட இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

"வீடு ஏன் இப்படி நெளியுது?"

கடைக்கு வருகிறவர்கள் பில் போடும்போது நிமிர்ந்து பார்த்துக் கேட்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அவரே பதிலும் சொல்லிவிடுவார்: "அவன் பைத்தியமாச்சே, காதை அறுத்துக்கிட்டவன். அவன் கண்ணுக்கு எல்லாம் இப்படித்தான் தெரியும்."

காது அறுபட்டது 1888 டிசம்பரில், தென் பிரான்சின் ஆர்ல் ஊரில். பிறகு ஓராண்டு சேன் ரெமி மனநல விடுதியில் இருந்தார். 1890 மே 20 அன்று பாரிஸுக்கு வடமேற்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் உள்ள ஓவேர் கிராமத்துக்கு வந்தார். ஜூலை 27 அன்று தன்னையே சுட்டுக்கொண்டு 29-ஆம் தேதி இறந்தார். எழுபது நாள் வாழ்வு, எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள். முடிவு தெரிந்துவிட்டதால் நாம் அந்த எழுபது நாளையும் பின்னாலிருந்து படிக்கிறோம். நெளிந்த கூரையைப் பார்த்ததும் துப்பாக்கிச் சத்தம் நம் காதில் கேட்டுவிடுகிறது. இந்த வாசிப்பு சரியில்லை என்பது என் கருத்து.

முதல் காரணம், அவருடைய கடிதங்கள். ஓவேருக்கு வந்த உடனே தம்பி தியோவுக்கு எழுதுகிறார். ஊர் அழகாக இருக்கிறது, பழைய கூரை வீடுகள் நிறைய உள்ளன, இவை இப்போது அரிதாகி வருகின்றன என்கிறார். அடுத்த கடிதத்தில், ஒரு கூரை வீட்டுப் படம் முடித்துவிட்டேன், முன்னால் பட்டாணி பூத்திருக்கும் நிலமும் கோதுமையும், பின்னால் குன்றுகளும் என்று கணக்குச் சொல்கிறார். (அது இப்போது ரஷ்யாவில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வேறு படம்.) தங்குவதற்கு டாக்டர் காஷே காட்டிய விடுதியில் ஒரு நாளைக்கு 6 பிராங்க் கேட்டார்கள். வான்கோ தானே தேடி 3.50 பிராங்குக்கு வேறு இடம் பிடித்தார். பித்துப் பிடித்தவன் பாதி வாடகைக்கு இடம் பிடிப்பானா? வியாபாரியாக எனக்கு அது பெரிய சாட்சி. அவரும் இளமையில் படக்கடையில் வேலை பார்த்தவர்தான், 1869 முதல் 1876 வரை கூப்பில் கம்பெனியில். நோய் கடுமையாக வந்தபோது அவரால் பெரும்பாலும் வேலை செய்ய முடியவில்லை. வேலை செய்த நாட்களில் தெளிவாகவே இருந்தார்.

இரண்டாவது காரணம், கூரையே. பழைய கூரை உண்மையிலேயே நெளியும். அந்த நாட்டுக் கூரை தானியத் தாளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வேய்வது. ஒரு சாணுக்கு மேல் கனம் இருக்கும். மழை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகச் சரிவைச் செங்குத்தாக வைப்பார்கள். இருபது முப்பது வருஷம் போனால் முகடு நடுவில் தொய்யும், இறவாரம் ஒரு பக்கம் இறங்கும், மேலே பாசி படரும். ஓடு போட்ட வீட்டை இப்படி வரைந்திருந்தால் அதை மிகை எனலாம். கூரை வீட்டை இப்படி வரைவதில் பாதிக்கு மேல் கண்ணால் கண்டதே.

மூன்றாவதாக ஒரு செய்தி. வான்கோவின் கடைசிப் படம் என்று இன்று பெரும்பாலோர் ஏற்பது 'மரவேர்கள்'. பார்த்தால் தலையும் புரியாது, காலும் புரியாது. நீலமும் பச்சையும் பின்னிக் கிடக்கும். 2020-இல் வௌட்டர் வான் டெர் வேன் என்ற ஆய்வாளர், 1900-த்தை ஒட்டிய ஒரு பழைய தபால் அட்டைப் புகைப்படத்தை வைத்து, அந்த வேர்கள் ஓவேரில் எந்தத் தெருவோரச் சரிவில் இருந்தன என்று கண்டுபிடித்தார். வேருக்கு வேர் பொருந்தியது. அவர் வரைந்ததிலேயே மிகவும் 'பித்து' என்று தோன்றும் படம், நூற்றுமுப்பது வருஷம் கழித்து இடத்தை அடையாளம் காட்டும் அளவுக்குத் துல்லியமாக இருந்திருக்கிறது! அப்படியானால் கோர்த்வில் கூரையின் நெளிவையும் நாம் நம்பலாம்.

அக்கா சொன்ன விமரிசனம்

இப்படியெல்லாம் நான் படித்துச் சேர்ப்பதற்கு முன்பே, இந்தப் படத்தைப் பற்றிய மிகச் சரியான விமரிசனத்தை என் அக்கா சொல்லிவிட்டார். சில வருஷங்களுக்கு முன் மும்பைக்கு வந்திருந்தபோது கடையில் உட்கார்ந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்ம வீடு மாதிரி இல்லக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"மாதிரி என்ன மாதிரி. வேய்ஞ்சு ரொம்ப நாளாச்சு போல. முகடு உள் வாங்கிடுச்சு பாரு. அடுத்த மழைக்குள்ள ஆளு வெச்சுப் பிரிச்சு வேயலைன்னா உள்ள படுக்க முடியாது" என்றார். பிறகு, "படத்துக்கு என்னடா தம்பி, அது ஒழுகாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஊரை விட்டு வந்தது பதினெட்டு வயதில். அக்கா அந்தக் கூரையின் கீழேயே இருந்தவர். பனையோலையும் விழலும் மாற்றி மாற்றிப் போட்ட கூரை. கொட்டுகிற இடத்தில் குண்டான் வைத்து, நிரம்ப நிரம்ப ஊற்றி, இரவெல்லாம் விழித்தவர் அவர். 1986-இல் நான் அனுப்பிய பணத்தில்தான் அந்த வீட்டை இடித்து ஒட்டுக்கட்டடம் கட்டினோம். கட்டச் சொன்னதும் நான், பிறகு கூரை வீட்டுப் படத்தை பிரேம் போட்டு மாட்டிக்கொண்டதும் நான். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குப் பிறகுதான் படத்தைப் படமாகப் பார்க்க ஆரம்பித்தேன். வான்கோவுக்கும் நம்மைப் போன்ற ஊர்ப் பாசம்தான் இருந்ததா? கடிதத்தைத் திரும்பப் படித்தேன். இடிந்து விழும் பழைய கூரை வீடுகளைப் போலவே, இங்கே புதிதாக எழும் பங்களாக்களும் நடுத்தர மக்களின் வீடுகளும் ஏறக்குறைய அதே அழகுடன் எனக்குத் தெரிகின்றன என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்! நான் இதை முன்பு படித்தும் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஓவேருக்கு ரயில் வந்துவிட்டது. பாரிஸ்காரர்கள் வந்து வீடு கட்டினார்கள். தீப் பயத்தால் பிரான்சில் பல இடங்களில் தாள்கூரைக்குத் தடை வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கூரை வீடு என்றால் கூடுதல் கேட்டன. ஓடும் கற்பலகையும் வந்தன. இதைப் பார்த்து வான்கோ ஒப்பாரி வைக்கவில்லை. போகிறது, போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் வரைந்தார். அவருக்கென்று சொந்த வீடு ஒருபோதும் இருந்ததில்லை. வாடகைக்கு இருந்தவன் பிறர் வீட்டை வரைந்த படம் இது.

வீடும் கூடும்

அவர் கூரை வீட்டை வரைந்தது இது முதல் முறையல்ல. 1885-இல் ஹாலந்தில் நூனன் கிராமத்தில், புகழ்பெற்ற 'உருளைக்கிழங்கு உண்போர்' வரைந்த அதே காலத்தில், அந்தி வேளையில் ஒரு குடிசையை வரைந்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்த குடிசை. தளர்ந்துபோன ஒரு முதிய தம்பதி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே உடலாகிவிட்டது போல அது தோன்றுகிறது என்று தம்பிக்கு எழுதினார். அதே ஆண்டில் பறவைக் கூடுகளைச் சேகரித்து அவற்றையும் வரைந்தார். குடிசைகள் அவருக்கு மனிதர்களின் கூடுகள். அந்தப் படத்தில் எல்லாம் கருமை, மண் நிறம். கூரையும் நிலமும் ஒரே இருட்டு. அசைவு கிடையாது.

பிறகு 1890 மார்ச், ஏப்ரலில், சேன் ரெமி விடுதியில் உடல் நலமில்லாமல் இருந்தபோது, நினைவிலிருந்தே வடநாட்டுக் கூரை வீடுகளைச் சில சிறு படங்களாக வரைந்தார். 'வடக்கின் நினைவுகள்' என்றே அவற்றைக் குறிப்பிட்டார். நம் காலண்டர்ப் படங்களுக்கு உறவு உள்ளவை அவைதான். ஊரை விட்டு வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தவை.

கோர்த்வில் படம் வேறு. இரண்டு மாதம் கழித்து, உண்மையான கூரையின் முன்னால் நின்று, கண்ணைத் திறந்து வரைந்தது. நினைவில் இருந்த வீடு எதிரே வந்து நின்றபோது அவர் கண்டது என்ன? வீடு அசையாமல் நிற்கும் பொருள் இல்லை என்பதை. நூனனில் முதுமையாகத் தெரிந்த கூரை, இங்கே முதுமையோடு உயிரும் உள்ளதாகத் தெரிகிறது.

இதே ஊரில், பதினேழு வருஷம் முன்பு, 1873-இல், செசான் ஒரு வீட்டை வரைந்தார். 'தூக்கிலிடப்பட்டவன் வீடு' என்று பெயர். அதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது. அதிலும் கிராமத்து வீடு, அதிலும் மரம். செசானிடம் எல்லாமே கல்லின் எடையோடு உட்கார்ந்திருக்கும். சுவர், பாதை, கூரை, இலையில்லாத மரம் எல்லாம் ஒரே சாந்தில் பூசியது போல இறுகி நிற்கும். மோனே அதே 1890-இல் கிவெர்னியில் வைக்கோல் போர்களை வரையத் தொடங்கினார். காலை வெயிலில் ஒரு நிறம், மாலைப் பனியில் ஒரு நிறம் என்று அடுத்த ஆண்டு வரை சுமார் இருபத்தைந்து படங்கள். மோனேவிடம் மாறுவது வெளிச்சம், போர் இருந்த இடத்திலேயே இருக்கும். செசானிடம் வெளிச்சம் வந்தாலும் போனாலும் பொருள் அசையாது. வான்கோவிடம் பொருளே அசைகிறது.

ஆங்கிலேய விமரிசகர் ரோஜர் ஃப்ரை 1910-இல் லண்டனில் ஒரு கண்காட்சி நடத்தியபோது, வான்கோ, செசான், கோகன் போன்றோரைச் சேர்த்துக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. 'போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்' என்று வைத்தார். மோனே முதலியோர் 'இம்ப்ரெஷனிஸ்ட்', இவர்கள் அவர்களுக்குப் பின் வந்தவர்கள், அவ்வளவுதான் அர்த்தம். காலத்தைச் சொல்லும் பெயரே தவிரக் குணத்தைச் சொல்வதில்லை. செசானையும் வான்கோவையும் ஒரே பெட்டியில் போட்டது விற்பனைக்கு வசதி. சரக்கு வேறு, வேறு.

தாவரம் என்ற சொல்

இனி நான் முன்பு குறித்து வைக்கச் சொன்னதற்கு வருகிறேன். படத்தில் மனிதரோ விலங்கோ இல்லை என்றேன் அல்லவா?

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி அடுக்கும்போது, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைக்கிறது. எங்கள் சமண நூல்கள் இன்னும் விரித்துச் சொல்லும். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களும், செடி கொடி மரங்களும், ஆக இந்த ஐந்தும் தொடு உணர்வு மட்டுமே உள்ள ஓரறிவுயிர்கள். இவற்றுக்கு ஸ்தாவரம், அதாவது நிலைத்து நிற்பவை என்று பெயர். இடம்விட்டு இடம் போகும் புழு, எறும்பு, மாடு, மனிதர் எல்லாம் இயங்கும் உயிர்கள். நாம் சாதாரணமாகச் சொல்கிற 'தாவரம்' என்ற சொல்லே அந்த ஸ்தாவரத்திலிருந்து வந்ததுதான். அசையாதது என்பதே அதன் பொருள்.

இந்தக் கண்ணோடு கோர்த்வில் படத்தைப் பாருங்கள். இயங்கும் உயிர் ஒன்றுகூட அதில் இல்லை. அசைவு முழுவதும் நிலைத்து நிற்பவற்றுக்கே தரப்பட்டிருக்கிறது. மரம் சுருள்கிறது, குன்று அலையாகிறது, மேகம் சுழல்கிறது, புல் சிலிர்க்கிறது. நம் கண்ணுக்கு அசையாதவையாகத் தெரிகிறவை உள்ளே எப்போதும் வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கின்றன. நம் வேகத்துக்கு அது தெரிவதில்லை. அதை நம் வேகத்துக்கு ஓட்டிக் காட்டுகிறார் வான்கோ. ஒரு மனிதரை அங்கே நிறுத்தியிருந்தால் நம் கண் அவரிடம் போயிருக்கும். மற்றதெல்லாம் பின்னணி ஆகிவிட்டிருக்கும். ஆள் இல்லாததால்தான் கூரையும் மரமும் படத்தின் மாந்தர் ஆகின்றன.

வான்கோவைச் சமணர் ஆக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் புராட்டஸ்டண்டு போதகரின் மகன். 1879-இல் பெல்ஜியத்தின் சுரங்கத் தொழிலாளர்களிடையே சமய ஊழியம் செய்தவர். நான் சொல்வது, அவர் வரைந்ததைப் பார்க்க என்னிடம் இருந்த மூக்குக்கண்ணாடி இது என்பதே.

இந்த மூக்குக்கண்ணாடியிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. மரம் உயிருள்ளது, சரி. கூரை? அறுத்த தாள் உயிர் போன பொருள். எங்கள் கணக்கில் அது அசித்தம். சுவரோடு சேர்க்க வேண்டியது. படத்திலோ சுவர் ஓரளவு நேராக, அமைதியாக நிற்க, கூரை சுவரை விட்டு மரத்தின் கட்சியில் சேர்ந்துகொள்கிறது. மரத்துக்குப் போட்ட அதே வளைந்த கோடு, அதே அடர்த்தியான தீற்று கூரைக்கும். மங்கிய பழுப்புக்குள் பசுமை ஓடுகிறது. கூரை எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் செடிகொடி எங்கே ஆரம்பிக்கிறது என்று ஓர் இடத்தில் கண் தடுமாறும். செத்த தாளுக்கு ஏன் உயிர் அசைவு?

வெகுநாள் இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பிறகு எங்கள் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பழைய கூரையைப் பிரிக்கும் நாளில் ஆட்களை உடனே கைவைக்க விடமாட்டார். "தட்டித் தட்டிப் பிரிங்கப்பா, அவசரப்படாதீங்க. உள்ள இருக்கறதெல்லாம் இறங்கிப் போகட்டும்" என்பார். எறும்பு, தேள், பல்லி, குருவிக் குஞ்சு, மழைக்காலமாக இருந்தால் காளான்கூட. பிரித்த ஓலையை அன்றைக்கே கொளுத்தவும் விடமாட்டார், ஓரமாகப் போட்டு வைக்கச் சொல்வார். வேலையாட்கள் முணுமுணுப்பார்கள், கூலி அரை நாள் கூடும். செத்த தாள்தான். ஆனால் கூரை செத்தது இல்லை. பத்து மழை கண்ட கூரை ஓர் ஊர். பாசி படர்ந்த அந்தத் தாள்கூரையை வான்கோ மரத்தோடு சேர்த்தது சரியே.

மூலத்தின் முன்னால்

2023 அக்டோபர் முதல் 2024 பிப்ரவரி வரை ஓர்சேயில் வான்கோவின் ஓவேர் நாட்களுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. மகன் வேலை விஷயமாக அந்தப் பக்கம் இருந்ததால் எனக்குப் போகும் வாய்ப்பு அமைந்தது. கூட்டத்தில் முண்டியடித்து நின்று பார்த்தேன். முப்பது வருஷம் காலண்டர்த் தாளில் பார்த்தவன் மூலத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டவை சில.

முதலாவது, வண்ணத்தின் கனம். தாளில் எல்லாம் மட்டமாக இருக்கும். மூலத்தில் கூரையின் தீற்றுகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த மேடுகளுக்கே சிறு நிழல் விழுகிறது. தாளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வேய்வது போலவே அவரும் வண்ணத்தை அடுக்கி வேய்ந்திருக்கிறார். கூரை வேய்பவன் கை எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கமே தூரிகையும் சரிவில் இறங்குகிறது.

இரண்டாவது, ஒரு குறை. குறையையும் சொன்னால்தான் விமரிசனம். முன்னால் இருக்கும் தோட்டவெளியில் அவர் மனம் அவ்வளவாக நிற்கவில்லை என்று எனக்குப் பட்டது. பச்சைத் தீற்றுகள் வேகமாக, ஏறக்குறைய ஒரே மாதிரி போகின்றன. கூரைக்குக் கொடுத்த கவனம் அந்த நிலத்துக்குக் கிடைக்கவில்லை. நாளுக்கு ஒரு படம் என்று ஓடியவருக்கு இது நேரத்தான் செய்யும். சிறிதாக்கிய தாளில் இது தெரியாது, அங்கே எல்லாம் அழகாகவே இருக்கும்.

மூன்றாவது, சோகம் இல்லை. எதிர்பார்த்துப் போயிருந்தேன், கிடைக்கவில்லை. அந்த நீலத்திலும் பச்சையிலும் ஒரு சுறுசுறுப்புதான் இருக்கிறது. எங்கள் சமயத்தில் தினமும் நினைத்துப் பார்க்க வேண்டிய பன்னிரண்டு சிந்தனைகளில் முதலாவது அநித்தியம், நிலையாமை. அதைச் சொன்னால் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறோம். இந்தப் படம் அதையே முகம் வாடாமல் சொல்கிறது. தொய்ந்த கூரை விழத்தான் போகிறது, வரைகிறவருக்கும் அது தெரியும். விழப்போகிற பொருளை இவ்வளவு உற்சாகத்தோடு பார்க்க முடியும் என்பதுதான் இந்தப் படம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இதைப் பைத்தியம் என்பது தவறு, ஊர் ஏக்கம் என்பதும் தவறு.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஊர் ஞாபகத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, கூரையின் விளிம்பிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். எது நிற்கிறது, எது அசைகிறது என்று பாருங்கள். உள்ளே படுத்திருந்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், வெட்கப்படாமல் அவர்களிடம் கேளுங்கள். படித்தவர்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஓர்சே கடையில் இந்தப் படத்தின் தபால் அட்டை ஒன்று வாங்கி வந்து அக்காவுக்கு ஊருக்கு அனுப்பினேன். ஐப்பசி மழை சமயம். கிடைத்ததா என்று கேட்கத்தான் போன் செய்தேன். "வந்துச்சு, வந்துச்சு. சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன்" என்றார். அடுத்த வாக்கியம்: "தம்பி, மாடி மூலையில ஒழுகுது. முப்பத்தெட்டு வருஷத்துக் கட்டடம், கம்பி தெரியுது. ஒரு ஆளைப் பிடிச்சு என்னன்னு பார்க்கச் சொல்லு."

சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் வேலை ஆரம்பிக்கிறார்கள்.